கூரையில் இரண்டு பள்ளம்

என் காரைச் சின்னக் கார் என்று யாராவது சொன்னால் எனக்குப் பிடிக்காது. அளவான கார் என்று சொல்லலாம். பதினோரு வருடமாக அதில்தான் ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டக் கற்றுக் கொடுக்கிறேன். முன்னாலும் பின்னாலும் சிவப்பு எழுத்தில் எல் பலகை இருக்கும். ஓட்டுகிறவர் காலடியில் இருப்பதுபோலவே பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. அந்த இருக்கை என்னுடையது. கற்றுக்கொள்கிறவர்கள் கை கால் உதறிப்போய்ச் சுவரை நோக்கிப் போகும்போது வண்டியை நிறுத்துவது என் கால்தான். அதனால் என் மாணவர்கள் எனக்கு 'ரெண்டாவது பிரேக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கதவை ஓங்கிச் சாத்தினால் இறங்கச் சொல்லி மறுபடி மெதுவாகச் சாத்த வைப்பேன். பானெட்டில் யாரும் சாயக் கூடாது. தினமும் காலையில் ஈரத்துணியால் கூரை முதல் சக்கரம் வரை நானே துடைப்பேன். ஓட்டத் தெரியாதவர்கள் மட்டுமே ஓட்டுகிற ஒரு கார், பதினோரு வருடத்தில் ஒரு பள்ளம்கூட இல்லாமல் நிற்கிறது என்றால் அது என் வாயின் புண்ணியம். நான் திட்டுகிற திட்டு அப்படி.

என் நாத்தனாருக்கு அந்தத் திட்டெல்லாம் பழகிவிட்டது. என் கணவரின் தங்கை. எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். நாத்தனார் என்றால் சண்டைக்காரி என்று ஊரில் பேச்சு. எங்கள் வீட்டில் சண்டைக்காரி நான். அவள் போட்டோ எடுப்பவள், அதிகம் வாய் பேசமாட்டாள், கண்ணால் பேசுவாள். ஒன்பது வருடம் ஒரு பெரிய ஸ்டுடியோவில் வேலை பார்த்தாள். கல்யாணம், கம்பெனி, பள்ளிக்கூடம் என்று அவள் எடுத்த படம் கணக்கில் அடங்காது. எல்லாப் படத்தின் ஓரத்திலும் ஸ்டுடியோக்காரரின் பெயர் இருக்கும். ஒருநாள் ஒரு படத்தைக் காட்டி, "இது நான் எடுத்தது அண்ணி," என்றாள். கீழே வேறு பெயர் இருந்தது. அவளைவிட எனக்குத்தான் அன்றைக்கு எரிந்தது.

எட்டு மாதத்துக்கு முன் அங்கிருந்து விலகினாள். பழைய லைட்டுகள் நான்கை வாங்கி எங்கள் முன்னறையில் இறக்கினாள். அதிலிருந்து முன்னறையில் நாங்கள் பக்கவாட்டில்தான் நடக்கிறோம்.

கடைசியில் ஒரு வேலை வந்தது. ஊருக்கு வெளியே ஒரு மின்விசிறித் தொழிற்சாலை. புது அலுவலகத்தின் வாசல் சுவரில் எட்டடி அகலத்துக்கு ஒரு படம் மாட்ட வேண்டும், அதில் வேலை செய்கிற எல்லாரும் இருக்க வேண்டும். நூற்று இருபத்தாறு பேர். காலை ஷிப்டும் மாலை ஷிப்டும் சந்திப்பது மதியம் இரண்டு மணிக்கு, கால் மணி நேரம் மட்டும். அந்தக் கால் மணி நேரத்துக்குள் எடுத்து முடிக்க வேண்டும். படம் எடுக்க வேண்டிய கூடத்தில் ஜன்னல் கிடையாது, அதனால் நான்கு லைட்டும் வேண்டும். படத்தின் ஓரத்தில் எடுத்தவர் பெயர் போடத் தொழிற்சாலையின் மேலாளர் அம்மா ஒத்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. ஒன்றே முக்காலுக்கு லைட் எல்லாம் தயாராக நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை என்றால் பழைய ஸ்டுடியோக்காரரே எடுப்பார். அவர் அந்தக் கம்பெனிக்கு வருடக்கணக்காகப் படம் எடுத்தவர். "அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வேன்கூட இல்ல, எதுக்கும் நான் வந்து நிக்கிறேன்," என்று சொல்லி வைத்திருந்தாராம்.

வேன் இல்லை என்பது உண்மைதான். அதற்காக ஒரு வேனை வாடகைக்குச் சொல்லியிருந்தாள். அன்று காலை பத்து மணிக்கு வேன்காரர் போன் செய்தார். கியர்பாக்ஸ் போய்விட்டதாம். வேறு வேன் நாளைக்குத்தான் கிடைக்குமாம்.

அவள் போனை வைத்துவிட்டு முன்னறை நடுவில் நின்றாள். அழவில்லை. பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை புரிந்தது. வாசலில் என் கார் துடைத்துப் பளபளவென்று நின்றுகொண்டிருந்தது.

"அதுல ஏறாது அண்ணி," என்றாள், நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே.

"ஏறாதுன்னு யார் சொன்னது?"

"சின்னக் கார்."

"அளவான கார்," என்றேன். "பெட்டியத் தூக்கு."

என்னென்ன ஏற வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். தையல் மெஷின் அளவில் நான்கு இரும்புப் பெட்டி, அதற்குள் லைட்டுகள். ஆள் உயரத்துக்கு ஐந்து ஸ்டாண்ட். இரண்டு பெரிய வெள்ளைக் குடை. இரண்டு வயர் சுருள். ஆறடி ஏணி ஒன்று, கூட்டத்தை மேலிருந்து எடுப்பதற்கு. அவளே தைத்த நான்கு மணல் பை, ஒவ்வொன்றும் ஏழு கிலோ. அந்தக் கூடத்தில் சோதனைக்காக மின்விசிறிகள் இரவும் பகலும் சுற்றிக்கொண்டே இருக்கும், நிறுத்தமாட்டார்கள். முந்தின வாரம் ஒரு ஸ்டாண்டில் குடையை மாட்டிப் பார்த்தபோது காற்றில் அது தலைகுப்புற விழுந்ததாம். அதனால் ஸ்டாண்டுகளின் காலில் வைக்க மணல் பை. இது எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கூடாரம். லைட்டின் வெளிச்சம் முகத்தில் மென்மையாக விழுவதற்காக முன்னால் மாட்டுகிற துணிக்கூடாரம் அது. மடக்கினால் குடை மாதிரி அடங்க வேண்டும். பழையது என்பதால் கம்பிகளின் மூட்டு துருப்பிடித்து விரிந்தபடியே நின்றுவிட்டது. மூன்றடி அகலத்தில் விறைத்துக்கொண்டு நின்றது, கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி.

முதலில் அவள் அடுக்கினாள். அருமையான பொருள் முதலில் என்று லைட் பெட்டிகளைப் பின் இருக்கையில் வரிசையாக உட்கார வைத்தாள், விருந்தாளிகளை உட்கார வைப்பதுபோல. பாதிச் சாமான் வாசலிலேயே நின்றது. நான் எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டேன்.

"இப்படி அடுக்குனா நாலு பெட்டியோட கதை முடிஞ்சுது. கடைசியா என்ன வேணுமோ அது உள்ள போகணும். முதல்ல என்ன வேணுமோ அது கதவு பக்கம் வரணும்."

"லைட் மேல எதுவும் வைக்கக் கூடாது அண்ணி."

"வைக்கல. லைட்டுக்குக் கீழ வைக்கிறேன்."

இதற்கு நடுவில் அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், வேலையிடத்திலிருந்து போன் செய்து, "ரெண்டு நடையா கொண்டு போங்களேன்," என்று யோசனை சொன்னார். ஒரு வழிக்கே ஒரு மணி நேரம் ஆகும் இடம். "உங்க அண்ணன் வாயத் திறக்காம இருந்தாலே பெரிய உதவி," என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

பின் இருக்கையின் ஒரு பாதியை மடக்கினேன். ஸ்டெப்னியை எடுத்து வாசலில் வைத்தேன், அந்தக் குழியில் வயர் சுருள் இரண்டும் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தன. பஞ்சர் ஆனால் என்ன செய்வது என்று அவள் கேட்டாள். ஆகாது என்றேன். ஐந்து ஸ்டாண்டும் மடக்கிய குடை இரண்டும் டிக்கியிலிருந்து முன் கண்ணாடி வரை நீளமாகப் படுத்தன. லைட் பெட்டி இரண்டு பின்னால், இரண்டு முன்னால் என் இருக்கையில், பெல்ட் போட்டு. என் இருக்கை என்றால் பக்கத்து இருக்கை. பெட்டிகள் முன்னால் வழுக்காமல் இருக்க அதன் காலடியில் மணல் பை நான்கையும் திணித்தேன். ஏணி என்ன செய்தாலும் ஏறவில்லை. "ஃபேன் செய்யிற இடத்துல ஒரு ஏணி இருக்காதா?" என்று அதை எடுத்துச் சுவரில் சாய்த்தேன்.

மிச்சம் இருந்தது கூடாரமும் அவளும். இடமும் ஒன்றுதான் இருந்தது, ஓட்டுகிற இருக்கைக்குப் பின்னால். கூடாரத்தை வைத்தால் அவள் இல்லை. அவள் உட்கார்ந்தால் கூடாரம் இல்லை.

"நீங்க லைட்ட எடுத்துட்டுப் போங்க, நான் பஸ்ல வர்றேன்," என்றாள்.

"அந்தப் பக்கம் பஸ் எத்தனை மணிக்கு?"

"ரெண்டேகால்."

"உட்காரு," என்றேன்.

உட்கார்ந்தாள். கேமரா பையை மடியில் வைத்தேன். கூடாரத்தை டிக்கி வழியாக நெளித்து நெளித்து உள்ளே கொண்டு வந்து, கம்பிகள் கதவோடு ஒட்டும்படி திருப்பி, அவள் தலைக்கு மேல் கவிழ்த்தேன். இடுப்புக்குக் கீழே நாத்தனார், மேலே கூடாரம். டிக்கியை அழுத்தினேன். க்ளிக் என்றது. எள் போட இடமில்லை. எனக்கு அப்போதே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது, தெருவே பார்க்கட்டும் என்று ஒரு ஹாரன்கூட அடித்தேன்.

மணி பன்னிரண்டு ஐந்து. நேரம் தாராளமாக இருந்தது.

முப்பது நிமிடம் ஒரு குறையும் இல்லாமல் போனோம். வேகத்தடை வரும்போது மட்டும் வண்டியின் அடிவயிறு தரையைத் தொட்டு முனகியது, நானும் கூடவே முனகினேன். பின்னாலிருந்து கூடாரம் அவ்வப்போது, "இப்ப எங்க இருக்கோம்?" என்று கேட்டது. பாலத்தடியில் ஒரு பெரிய வளைவு. அதில் திரும்பி நேராக்கியதும் வண்டி இழுக்கவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகர மறுக்கிறது. ஹேண்ட் பிரேக்கைப் பார்த்தேன், விட்டுத்தான் இருந்தது. கியரைக் குறைத்தேன். சிக்னலுக்குப் பத்தடி முன்னால் ஒரு கருகல் வாசனை வந்தது, வண்டி நின்றே போனது. பின்னால் ஹாரன் மழை.

"அண்ணி, பிரேக்ல கால் வச்சிருக்கீங்களா?" என்றது கூடாரம்.

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "யாருக்கு யார் பிரேக் சொல்றது? பதினோரு வருஷமா ஊருக்கே பிரேக் சொல்லிக் குடுக்கிறவ நான்."

சொல்லி வாயை மூடவில்லை, சொன்ன சொல் எனக்கே உறைத்தது. மெதுவாகப் பக்கத்து இருக்கையின் காலடியைப் பார்த்தேன். வளைவில் மணல் பை ஒன்று சரிந்து, என் பிரேக்கின் மேல், என்னுடைய அந்த இரண்டாவது பிரேக்கின் மேல், சௌகரியமாகப் படுத்திருந்தது. அந்த பிரேக்கை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. எப்போதும் என் கால்தான் அங்கே இருக்கும். அன்றைக்குக் கால் இந்தப் பக்கம் வந்துவிட்டது, புத்தி அதை அந்தப் பக்கமே விட்டுவிட்டு வந்திருக்கிறது. வேறு எந்தக் காரிலும் இப்படி நடக்காது, வேறு எந்த முட்டாளும் இதைச் செய்திருக்கமாட்டாள். அவள் முகம் கூடாரத்துக்குள் இருந்தது அன்றைக்கு என் அதிர்ஷ்டம்.

போக்குவரத்துக் காவலர் ஒரு பெண், விசில் ஊதிக்கொண்டே வந்தார். எல் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஓட்டக் கத்துக்கிறீங்களா?"

"நான் கத்துக் குடுக்கிறவ."

"அப்ப கத்துக்கிறவங்க எங்க?"

"நான் இங்க இருக்கேன்," என்றது கூடாரம், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு.

காவலர் ஓரடி பின்வாங்கினார். பிறகு குனிந்து உள்ளே பார்த்தார். நான் இறங்கி எல்லாவற்றையும் சொன்னேன். லைட், ஒன்றே முக்கால், பிரேக், மணல் பை. அவர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். மறுபடி அதே இடத்தில் பைகளை வைத்தால் அடுத்த வளைவில் அதே கதை. வேறு இடத்தில் வைக்க இடமும் இல்லை.

"பைய இங்கேயே விட்டுட்டுப் போறோம்," என்றேன்.

கூடாரத்துக்குள்ளிருந்து பதறிய குரல் வந்தது. "அது இல்லாட்டி குடை பறந்துரும் அண்ணி. லைட் விழுந்து உடைஞ்சுரும்."

"லைட் போய்ச் சேரட்டும். பறக்கிறத அப்புறம் பாக்கலாம்."

கூடாரத்துக்குள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, தனக்குள்ளே அழுகிறாள். என் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொண்டு ஹாரன் அடித்தவள் நான், அவளுடைய வேலைக்கு உலை வைத்தவளும் நானே. நாலு பையையும் தூக்கி நடைபாதையில் வைத்தேன். காவலர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய தடுப்புப் பலகை ஒன்று காற்றில் ஆடி ஆடி விழப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பையைத் தூக்கி அதன் காலில் வைத்தார். பலகை அசையாமல் நின்றது.

"சாயங்காலம் வந்து எடுத்துக்கோங்க," என்றார். "அவசரம் ஒண்ணும் இல்ல." பிறகு எதிர்த் திசை வண்டிகளை எல்லாம் நிறுத்தி எங்களுக்கு வழி விட்டார்.

பிரேக் சூடு ஆறும் வரை காத்திருந்ததில் நேரம் போய்விட்டிருந்தது. தொழிற்சாலை வாசலை அடையும்போது மணி ஒன்று பதினெட்டு. வாசலில் ஒரு வேன் நின்றது. என் காரை மடியில் தூக்கி வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிய வேன், மேலே பளபளவென்று அலுமினிய ஏணி. ஸ்டுடியோக்காரர் அதன் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கூடாரத்தைத் தூக்கிவிட்டு அவள் வெளியே வந்தாள். தலைமுடி எட்டுத் திசையிலும் நின்றது.

"வந்துட்டியாம்மா," என்றார் அவர், அன்பாகவே. "இதுலயா கொண்டு வந்த?"

மேலாளர் அம்மாவும் வந்தார். ஐம்பது வயது இருக்கும், கையில் கடிகாரம், கண் அதன் மேல். கூடம் தொழிற்சாலையின் பின்கோடியில் இருந்தது. வாசலிலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம். காவலாளி கையை நீட்டினார். "வண்டி எல்லாம் இங்கதான் நிக்கணும். சாமான் தூக்கிட்டுப் போகணும்."

"பதினெட்டு நடை வரும்," என்றார் ஸ்டுடியோக்காரர். அவருக்குத் தெரியும். அவருக்காக அவள் ஒன்பது வருடம் நடந்த நடை அது. "எனக்குத் தூக்க நாலு ஆள் இருக்காங்க. நீங்க ரெண்டு பேரு."

நான் உள்ளே பார்த்தேன். வாசலிலிருந்து கூடம் வரை தரையில் இரண்டு மஞ்சள் கோடு. தள்ளுவண்டி போகிற பாதை. மேலே தாழ்வாகக் குழாய்கள், இரண்டு பக்கமும் அட்டைப் பெட்டிகளும் இயந்திரங்களும்.

"இதுல வண்டி வராதுங்க," என்றார் காவலாளி.

"வராதுன்னு சொல்றீங்களா, வரக்கூடாதுன்னு சொல்றீங்களா?" என்று கேட்டேன்.

அவர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் அம்மா கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். "கூடாதுன்னு யாரும் எழுதி வைக்கல. இதுவரைக்கும் எந்த வண்டியும் நுழைஞ்சதில்ல, அவ்வளவுதான். ஏதாவது இடிச்சா உங்க பொறுப்பு."

எனக்கு அவ்வளவு போதும். பக்கக் கண்ணாடிகளை மடக்கினேன். நாத்தனாரை முன்னால் நடக்கச் சொன்னேன், பின்னோக்கி, என்னைப் பார்த்தபடி. "கைய மட்டும் காட்டு. வாயத் திறக்காதே." அது அவளுக்குச் சொல்லவே வேண்டியதில்லை.

பாதையின் இரு பக்கமும் நான்கு விரல் இடைவெளி இருந்தது. சில இடத்தில் இரண்டு விரல். மேலே குழாய் என் கூரைக்கு ஒரு சாண் உயரத்தில் போனது, வேன் வந்திருந்தால் முதல் குழாயிலேயே மாட்டியிருக்கும். என் மாணவர்களிடம் நான் ஓயாமல் சொல்வது ஒன்றுதான், அவசரம் உங்களுக்குத்தான், வண்டிக்கு இல்லை என்று. அதை எனக்கே சொல்லிக்கொண்டு, கிளட்சைப் பாதி விட்டுப் பாதி பிடித்து ஊர்ந்தேன். நடுவில் ஒரு முடுக்கு வந்தது. ஒரே திருப்பில் முடியவில்லை. பின்னால் வந்து, முன்னால் போய், பின்னால் வந்து, மூன்றாம் தடவையில் மூக்கு நுழைந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டோடு எழுந்து வந்து பார்த்தார்கள். எல் பலகையோடு ஒரு கார் இயந்திரங்களுக்கு நடுவில் வளைந்து வருவதை அவர்கள் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள். யாரோ கை தட்டினார்கள். நான் திரும்பவில்லை, ஆனால் கேட்டது.

ஒன்று இருபத்தொன்பதுக்குக் கூடத்தின் நடுவில் வண்டியை நிறுத்தினேன். ஒரு கீறல் இல்லை.

டிக்கியைத் திறந்ததும் முதலில் கைக்கு வந்தது ஸ்டாண்டுகள், பிறகு வயர், பிறகு லைட். நான் அடுக்கின வரிசை அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன், எனக்குப் பாராட்டைத் தாங்கத் தெரியாது. ஸ்டாண்டை நிறுத்தி முதல் குடையை விரித்தோம். சோதனை மேடையிலிருந்து வந்த காற்றில் ஸ்டாண்ட் ஒரு காலைத் தூக்கியது. இருவரும் பாய்ந்து பிடித்தோம். மணல் பை இல்லாத குறை கண்ணுக்கு முன்னால் நின்றது.

சாப்பிட்ட கையைத் துடைத்தபடி ஒரு தொழிலாளி அம்மா பக்கத்தில் வந்தார். குடையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "கனம் வேணுமா?" என்று கேட்டார். போய் ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அது நிறைய இரும்புத் தட்டுகள். நின்று சுற்றுகிற மின்விசிறியின் அடியில் இருக்குமே, அந்த வட்டத் தட்டு, ஒவ்வொன்றும் இரண்டு கையால் தூக்குகிற கனம். "ஃபேன் சுத்துறப்ப விழாம இருக்கத்தான் இத வச்சிருக்கு. குடை விழுமா?" என்றார். ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு தட்டு வைத்தோம். குடை காற்றில் படபடத்ததே தவிர ஓரங்குலம் நகரவில்லை.

ஒன்று நாற்பத்து மூன்றுக்கு நான்கு லைட்டும் எரிந்தன. மேலாளர் அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். என் நாத்தனார் முதல் தடவையாக மூச்சு விட்டாள். அப்போதுதான் கேட்டாள். "ஒரு ஏணி வேணும்."

ஏணி இருந்தது, கிடங்குக்குள். கிடங்கு பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் மதியம் வீட்டுக்குப் போய்விட்டு இரண்டரைக்குத்தான் வருவாராம். வேறு ஏணிக்கு ஆள் ஓடினார், வெறுங்கையோடு திரும்பினார். இதற்குள் மணி அடித்துவிட்டது. மாலை ஷிப்ட் உள்ளே வர, காலை ஷிப்ட் எழுந்து வர, கூடம் நிரம்பத் தொடங்கியது. தரையில் நின்று பார்த்தால் முதல் இரண்டு வரிசை முகம்தான் தெரியும். பின்னால் இருப்பவர்கள் வெறும் தலைமுடி. எட்டடிச் சுவரில் தலைமுடியை மாட்டி வைக்க முடியாது.

ஸ்டுடியோக்காரர் எங்கள் பின்னாலேயே நடந்து வந்திருந்தார். சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு நின்றார்.

"என் ஏணி இருக்கும்மா," என்றார். "ஆளுங்கள அனுப்பினா அஞ்சு நிமிஷத்துல வந்துரும். நீயே எடு, நான் குறுக்க வரமாட்டேன். என்ன, படத்துல நம்ம ஸ்டுடியோ பேரு இருக்கட்டும். எப்பவும் போல."

குரலில் ஒரு கெடுதலும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒன்பது வருடம் இப்படித்தான், அன்பாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அவள் நூற்று இருபத்தாறு பேரைப் பார்த்தாள். அவர்கள் முடியைச் சரிசெய்துகொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு அவளைப் பார்த்து நின்றார்கள். கால் மணி நேரத்தில் இரண்டு நிமிடம் போய்விட்டிருந்தது. அவள் வாய் திறக்கிறது, சரி என்று சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. சொல்லிவிட்டால் இந்த ஜென்மத்துக்கு அவள் பெயர் எந்தச் சுவரிலும் ஏறாது.

நான் என் காரைப் பார்த்தேன். கூட்டத்துக்கு நேர் எதிரில், நடு மையத்தில் நின்றது. காலையில் துடைத்த கூரை, லைட் வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி.

"செருப்பக் கழட்டிட்டு ஏறு," என்றேன்.

"அண்ணி…"

"ஏறுன்னு சொன்னேன்."

"நெளிஞ்சுரும் அண்ணி."

"நெளியட்டும்."

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தாள். பானெட்டில் ஒரு கால், அடுத்து கூரையில் இரண்டு கால். 'டொம்' என்று ஒரு சத்தம், பிறகு இன்னொரு 'டொம்'. என் வயிற்றுக்குள் கேட்டது அந்தச் சத்தம். கண்ணை மூடிக்கொண்டேன், திறந்தபோது அவள் எல்லாருக்கும் மேலே நிமிர்ந்து நின்றாள். எட்டு மாதமாக, ஏன் ஒன்பது வருடமாக, நான் பார்க்காத உயரத்தில் நின்றாள்.

வாயே பேசாத என் நாத்தனார் வாயைத் திறந்தாள். "மூணாவது வரிசை, நீலச் சட்டை அண்ணே, கொஞ்சம் இடப்பக்கம் வாங்க. கண்ணாடி போட்ட அக்கா, மோவாய இறக்குங்க. கடைசி வரிசையில ஒளிஞ்சிருக்கிறவரு, உங்களத்தான், வெளிய வாங்க." கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான்கு லைட்டும் ஒன்றாக வெட்டின. குடைகள் நின்ற இடத்தில் நின்றன. மறுபடி வெட்டின. பதினொரு தடவை.

இரண்டு பதிமூன்றுக்குக் கீழே இறங்கி, கேமராவை மேலாளர் அம்மாவிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். "எல்லார் முகமும் இருக்கு," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாரும் சிரிக்கிறாங்க. இங்க எடுத்த எந்தப் படத்துலயும் இவங்க சிரிச்சுப் பாத்ததில்ல," என்றார். பிறகு அவளிடம் கேட்டார். "உங்க முழுப் பேரு எப்படி எழுதணும், சொல்லுங்க."

நான் அழுதேன். யாருக்குத் தெரிந்தால் என்ன.

ஸ்டுடியோக்காரர் கடைசி வரை நின்று, நாங்கள் மறுபடி எல்லாவற்றையும் வண்டிக்குள் ஏற்றுவதைப் பார்த்தார். கூடாரம் உள்ளே போய் டிக்கி க்ளிக் என்று மூடியதும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"இதெல்லாம் எப்படிம்மா இதுக்குள்ள போச்சு?"

"கத்துக்கணும்னா சொல்லுங்க," என்றேன். "பத்து நாள் வகுப்பு இருக்கு."

இப்போது அந்தப் படம் தொழிற்சாலையின் புது அலுவலக வாசல் சுவரில் இருக்கிறது. எட்டடி அகலம். கீழே வலது ஓரத்தில் அவள் பெயர், தலைப்பெழுத்தோடு முழுசாக. அதற்குப் பிறகு அவளுக்கு வேலை வந்துகொண்டே இருக்கிறது, வேன் வாங்கப்போவதாகச் சொல்கிறாள். மணல் பைகளை மட்டும் இன்னும் போய் எடுக்கவில்லை. அந்தச் சிக்னலில் நான்கு தடுப்புப் பலகை அசையாமல் நிற்கின்றன, போகும்போதெல்லாம் அந்தக் காவலர் எனக்குக் கையசைப்பார்.

கார் கூரையில் இரண்டு பள்ளம், பாதம் பாதமாகப் பக்கத்தில் பக்கத்தில். பட்டறைக்காரர் அரை மணி நேரத்தில் தட்டி நிமிர்த்தித் தருவதாகச் சொன்னார். காரை அவர் பட்டறையிலிருந்து அப்போதே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். புது மாணவர்கள் கேட்பார்கள், அக்கா, மேலே என்ன ஆச்சு என்று. ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொல்வேன்.

மழை விட்ட பிறகு அந்த இரண்டு பள்ளத்திலும் தண்ணீர் தேங்கும். மற்ற இடம் முழுக்கத் துடைப்பேன். அதை மட்டும் அப்படியே விட்டுவிடுவேன்.